இந்திராதேவியின் மீன்தொட்டி

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளை அங்குள்ள பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்பவர் இந்திராதேவி. அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. லொறி ஓட்டும் கணவர் பெரியதம்பி, முழங்கால் வலியால் வேலைக்குப் போகமுடியாமல் வீட்டில் இருந்தபோது, பொழுதுபோக ஹட்டனிலிருந்து ஒரு மீன்தொட்டி வாங்கி வந்தார்.

மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. குளிராக இருக்குமென்று தொட்டியைப் பழைய கம்பளியால் சுற்றினார் இந்திராதேவி. தீனியை மாற்றினார். குழாய்த் தண்ணீருக்குப் பதில், மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணீர் ஊற்றினார். ஒரு மீன் செத்தால் தொட்டி முழுவதையும் கையாலேயே தேய்த்துக் கழுவுவார். மறுநாள் இன்னொன்று மிதக்கும்.

"ஒங்களுக்குக் கைராசி இல்ல போல" என்று பக்கத்து வீட்டு வேலாயி போகிறபோக்கில் சொல்லிவிட்டார். இந்திராதேவிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்கு உடம்பு சுட்டது. தூக்கப் போனவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்தத் தொட்டிய யாருக்காவது குடுத்துருங்க" என்றார் அன்று மாலை கணவரிடம். "நான் தொட்டது எதுவும் தங்காதுங்க."

பெரியதம்பி நொண்டியபடி தொட்டியருகே போனார். மிஞ்சியிருந்த ஒரே கறுப்பு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் குனிந்து முகர்ந்தார்.

"இங்க வா. மோந்து பாரு."

தண்ணீரில் கற்பூர வாடை. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம்.

"நீ என் காலுக்குத் தேச்சுவிடுற தைலம், புள்ள! அந்தக் கையோடதான தொட்டியில வேல பாக்குற?"

"சீலையில தொடச்சிட்டுத்தாங்க..."

"தொடச்சா எண்ணெ போயிருமா?"

இந்திராதேவி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "அப்ப என் கையில கோளாறு இல்லையா?"

"கையில என்ன கோளாறு? சவுக்காரம் போட்டுக் கழுவாததுதான் கோளாறு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன அவருக்கு. மீனை நல்ல தண்ணீர் நிரப்பிய பேசினுக்கு மாற்றினார்கள். காலையில் அது துறுதுறுவென்று நீந்திக்கொண்டிருந்தது. பிறகு வாங்கிவிட்ட மீன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. தைலத்தைப் பெரியதம்பியே தேய்த்துக்கொள்கிறார்.

காய்ச்சல் விட்டுத் திரும்பி வந்த அந்தக் குழந்தையை இந்திராதேவி முதல் ஆளாகப் போய் வாங்கினார். மாலையில் தாய் வந்து கைநீட்டியபோது, "செத்த நேரம் இருக்கட்டுமே" என்று இன்னும் கொஞ்ச நேரம் தோளிலேயே வைத்துக்கொண்டார்.