சோளக்குழியின் மூச்சு

மருமகள் இறுக மூடி மறந்திருந்த டப்பாவைத் திறந்தேன். சோளத்தின் புளித்த வெக்கை முகத்தில் அடித்தது.

1950களில், தொண்டாமுத்தூரில் எங்கள் சோளக்குழியைத் திறந்தபோதும் இதே வாடைதான். மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த தானியம். அப்பா கயிற்றில் லாந்தரை இறக்கினார். இலை அசையாத உச்சிவெயிலில், குழிக்குள் அது அணைந்தது.

"சோளமும் மூச்சு வாங்குதுங்க தம்பி. உள்ள இருந்த நல்ல காத்தையெல்லாம் குடிச்சுப்போட்டுது. நாளைக்கு எறங்கலாம்," என்று அம்மா சித்தப்பாவிடம் சொன்னார்.

"எண்ணெ தீந்திருக்குமுங்க அண்ணி," என்று சித்தப்பா இறங்கினார். சோளத்தின்மேல் உட்கார்ந்தார். தூங்குகிறவர் போலத் தலை சாய்ந்தது.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியால்தான் அவரைத் தூக்கினார்கள். கொக்கி கீறியது தவிர உடம்பில் காயமே இல்லை.

அவர் மூச்சையும் குடித்த அந்தச் சோளத்தைத்தான் வருஷம் முழுக்கக் களி கிண்டித் தின்றோம்.

டப்பாவை நான் மூடவில்லை.