சிவப்பு நூல் போட்ட ராஜா அங்கி

மலேசியாவில் குருண் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார் அந்த அக்கா. ஒட்ட வெட்டிய முடி, பால்கறை போகாத விரல்கள். சரித்திரப் புத்தகப் படங்களைப் பார்த்து, பழங்கால உடுப்புகளைத் தனக்கென்றே தைத்துக்கொள்வார்.

எண்பதுகளில் ஒரு டிசம்பரில் நான் போனபோது, அந்த வருடம் தைத்ததையெல்லாம் துணிக்கொடியில் தொங்கவிட்டிருந்தார். தவறு கண்ட இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவார், பிரிக்க மாட்டார்.

"சிப்பாய் சட்டையில கழுத்து கோணிப்போச்சு," என்று தனக்கே சொல்லி ஊசியை இறக்கினார்.

பக்கத்தில் பழைய திரைச்சீலையில் தைத்த ராஜா அங்கி. குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வரும் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு அதை இரவல் கேட்கத்தான் நாடகக் குழு என்னை அனுப்பியிருந்தது.

"ராஜா வேசம் யாரு போடுறா?"

"நானும் இன்னும் ரெண்டு ஆம்பளைங்களும்க்கா."

"என்னையும் சேர்த்தா அங்கி வரும் தம்பி. இல்லாட்டி வராதுலா."

"பொம்பள ராஜாவா? சிரிப்பாங்கக்கா."

"என் தப்ப நானே தேடித்தேடி ஊசி குத்துறேன். அவங்க சிரிச்சா எனக்கென்ன?"

குழு ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் மூவரும் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு மேடையேறினோம். அக்கா அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து, ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தோளில் இரண்டு சிவப்புத் தையல்கள் பளிச்சென்று தெரிந்தன.

குழந்தை இயேசுவின் முன் மண்டியிடுவதற்கு முன்னால், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தேன். அவரைப் பார்த்துத் தலை வணங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்பு நூலை எங்கே போடலாம் என்பதுபோல, என் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.