படகில் ஜெரண்ட் சொல்லிக்கொடுத்தவர்

இன்று காலை மூவார் ஆற்றைக் கடக்கும் படகில் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தேன். அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, வேலைக்குப் பரீட்சை.

ஜெரண்ட் என்கிற தொழிற்பெயர்களுக்கு மட்டும் கோடு போட வேண்டும். நானோ 'இங்' என்று முடிந்த ஒன்றையும் விடவில்லை. நான் தோட்டத்துச் சின்னக் கிராணி; தினமும் பெரட்டில், காலை ஆள்கணக்கில், ஆள் விடாமல் பேர் குறிக்கிற கை.

பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, எல்லாரையும் வேலைக்குச் சேத்துட்டீங்க?"

அவரும் ஒரு தோட்டத்துக் கிராணி. அதே ஒற்றை வேலைக்குத்தான் பரீட்சை எழுதப் போகிறாராம். நான் புத்தகத்தை மூடப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. "அந்தச் சொல்ல எடுத்துட்டு 'வொர்க்'னு போட்டுப் பாருங்க. 'டேப்பிங் பிகின்ஸ் அட் சிக்ஸ்', பால்வெட்டு ஆறு மணிக்கு. 'வொர்க் பிகின்ஸ் அட் சிக்ஸ்'. நிக்குதா, அது ஜெரண்ட். 'த மென் ஆர் டேப்பிங்'. 'த மென் ஆர் வொர்க்'. நிக்கல, விட்டுருங்க."

"எனக்கு ஏங்க சொல்லித் தர்றீங்க?"

"நீங்க கோடு போடறத சும்மா உக்காந்து பாக்க முடியலண்ணே."

பரீட்சையில் கேட்ட அத்தனைக்கும் அவர் வழியிலேயே போட்டேன். வெளியே வந்து தேடினால் ஆள் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வாசகசாலைப் பலகையில் இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் கீழே எழுதுங்கள், பென்சில் கட்டியிருக்கிறது. நன்றி சொல்ல வேண்டும். வேலை அவருக்கே கிடைத்தால் முதல் ஆளாக மகிழ்வேன் என்று எழுத ஆசைதான்.

இரண்டாவது ஆளாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.