ஒத்தீலியா பஸ் ஏறிய வருஷம்

என் ஓரகத்தி ஒத்தீலியாவுக்கு உட்கார்ந்து சாப்பிட வராது. நின்றபடியே சாப்பிடுவாள், நடுவில் நாலு தடவை அடுப்புக்கும் வாசலுக்கும் நடப்பாள். எங்கள் பெரிபான் ஊர்த் தோப்புகளில் அவகாடோ பறிக்கும் ஆட்களுக்கு இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள் அவள். ஆட்களை ஏற்றிப் போகும் லாரியை அவள் புருஷன் அபுந்தியோ ஓட்டினார். அவர் என் புருஷனுக்கு அண்ணன். நான் அவளுக்குக் கூடமாட ஒத்தாசை.

ஒருநாள் மதியம் காய் ஏற்ற வந்த வஹாகா ஊர் டிரைவர் ஃபிலமோன் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். சோள ரொட்டி, கருப்பு பீன்ஸ், நன்றாகக் கனிந்த அவகாடோவை இரண்டாகப் பிளந்து உப்புத் தூவியது. ஒரு வாய் பீன்ஸ் சாப்பிட்டுவிட்டு யோசித்தார்.

"என்ன அண்ணே, பிடிக்கலயா?" என்றாள் ஒத்தீலியா.

"சேச்சே, நல்லாத்தாம்மா இருக்கு. அந்த இலைதான் இல்ல."

"எந்த இலை?"

"அவகாடோ இலைதான். எங்க பக்கம் அதைப் போடாம பீன்ஸ் வேகவைக்க மாட்டாங்க."

பறிக்கிறவர்களில் வாயாடியான கிரிசோஃபரோ சிரித்தான். "அப்ப நாங்க தினம் மிதிச்சிட்டுப் போறதெல்லாம் மசாலாவா?"

மறுநாள் அவள் தோப்பிலிருந்து ஒரு கை இலையைப் பறித்துப் பானையில் போட்டாள். கசந்ததே தவிர வாசனை வரவில்லை. "ஆட்டுக்கு வச்சதை எங்களுக்குப் போட்டுட்டியாக்கா?" என்றான் கிரிசோஃபரோ. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கை ஒரு வேலையில் நிற்கவில்லை. ஒரே குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பொறந்ததுலேர்ந்து நாப்பத்தாறு வருஷமா இந்த மரத்தடியில கெடக்கேன் அம்பாரோ. எவனோ எங்கயோ இதோட இலையைப் போட்டு ருசியாச் சாப்பிட்டுட்டு இருக்கான். எனக்குத் தெரியல பாரு."

"தெரிஞ்சு என்னக்கா ஆகப்போகுது?"

"அதான் தெரியலயே!"

திங்கட்கிழமை காலை கரண்டியை என் கையில் கொடுத்தாள். "மூணே நாள். வந்துடறேன். அவருகிட்ட சொல்லிடு." நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள்.

வஹாகா சந்தையில் பீன்ஸ் விழுதைத் தடவி, முறத்தளவு ரொட்டி சுடும் செனெய்தா என்ற அம்மாள், ஒரு காய்ந்த இலையைக் கசக்கி அவள் மூக்கருகே நீட்டினாளாம். சோம்பு வாசனை. "இது வேற ஜாதி மரம்டி. உங்க ஊரு மரம் காய்க்கு, எங்க ஊரு மரம் இலைக்கு."

தேடிப் போனது கிடைத்தாயிற்று, திரும்பியிருக்கலாம். ஆனால் பக்கத்துக் கடையில் மிளகாயைக் கரிய விட்டு, நிலக்கடலையும் எள்ளும் கொக்கோவும் சேர்த்து அரைத்த கருப்பு மோலே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கேயே பாத்திரம் கழுவ நின்றுவிட்டாள். ஒரு மாதம் கழித்து பியூப்லாவிலிருந்து போன் செய்தாள். "இங்க இவங்க மோலேதான் மோலேன்னு சண்டைக்கு வர்றாங்கடி. ருசி பார்க்காம எப்படி வர்றது?" அடுத்த போன் மெரிதாவிலிருந்து.

"மெரிதாவா! அது நாட்டோட அந்தக் கோடியாச்சே!"

"வாழை இலையில பன்றிக்கறியைச் சுத்திக் குழிக்குள்ள வேகவைக்கிறாங்க அம்பாரோ. புளிப்பு நாரத்தைச் சாறு விட்டு." ருசியைச் சொல்லும்போதுகூட அவள் குரலில் சந்தோஷத்தைவிடப் பதைப்புதான் அதிகம்.

அபுந்தியோ மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தினம் ஒரே கேள்விதான்: "போன் வந்துச்சா?" நாலாவது மாதம், லாரிச் சாவியை என் புருஷனிடம் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டி அவகாடோவோடு மெரிதாவுக்குப் பஸ் ஏறினார். எங்கள் மாநிலத்து மொரேலியாவைத் தாண்டாத மனுஷன்.

அங்கே நடந்ததை அவளே பின்னால் சொன்னாள். சந்தைக் கடையில் கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் முன்னால் போய்ப் பெட்டியை இறக்கினாராம்.

"வீட்டுக்கு வர்றியா, இல்ல வரமாட்டியா?"

"முதல்ல சாப்பிடு."

"நான் சாப்பிட வரல."

"மூஞ்சியே வாடிக்கெடக்கு. சாப்பிட்டுட்டுத் திட்டு."

அவர் சாப்பிட்டார். அப்புறம் திட்டினார். நன்றாகவே திட்டினாராம், கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?" என்று முடித்தார்.  அவர் கொண்டுவந்த காயில் பஸ்ஸிலேயே பழுத்துப்போன ஒன்றை எடுத்துப் பிளந்து, அவர் தட்டில் வைத்தாள். இருவரும் ஒன்பது நாள் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

வந்ததும் பஸ் நிறுத்தத்தில் கடை போட்டாள். தினம் ஒரு ஊர்ச் சாப்பாடு. எங்கள் ஜனங்கள் எட்டிப் பார்த்து, "பொரிச்ச பன்றிக்கறி இல்லயா? அவகாடோ மசிச்சது இல்லயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆறு வாரத்தில் கடையை மூடிவிட்டு, தோப்புக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நகரு, நான் பார்த்துக்கறேன்."

"இல்லக்கா," என்றேன். கரண்டியை நான் விடவில்லை. "அஞ்சு மாசமா நான்தான் பார்க்கறேன். இனியும் நானே பார்க்கறேன். சனிக்கிழமை மட்டும் நீ வந்து சமை."

முறைத்தாள். பிறகு தலையாட்டினாள்.

இப்போது சனிக்கிழமைகளில் ஆட்கள் சீக்கிரமே கம்பையும் கூடையையும் கீழே வைத்துவிடுகிறார்கள். கிரிசோஃபரோ மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுகிறான். போன சனிக்கிழமை, சினலோவா கடலோரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் ஒத்தீலியா ஏதோ துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை இறாலாம், பச்சை மிளகாயாம்.

அபுந்தியோ மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அந்தக் கடலோரம் வெயில் கொளுத்துமே," என்றார்.

"தொப்பி வாங்கிக்கலாம்," என்றாள் அவள்.