டார்ச் சார் கையெழுத்துப் போட்ட பதினொரு வண்டிகள்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் டார்ச் சார் என்று பெயர். பட்டப்பகலிலும் அவர் சட்டைப் பையில் சின்ன டார்ச் ஒன்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் மோட்டார் சைக்கிள்கள் நம் நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் கையெழுத்து விழாமல் அந்த வண்டிகளுக்கு நம்பர் கிடைக்காது. இருபத்தாறு வருஷம் இதையே செய்ததால் சந்தேக புத்தி வந்துவிட்டது என்று அவர் நண்பர்கள் சொல்வார்கள். எனக்குத்தான் தெரியும், அது பிறவியிலேயே வந்தது. கல்யாணமான புதிதில் நான் சொன்ன வயதை என் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்பார்த்த மனிதர் அவர். சரியாக இருந்ததும் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

சமையல் கேஸை அவரே மூடுவார், மூடியாயிற்றா என்று என்னைக் கேட்பார். மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி பார்ப்பார். என் தம்பி ஒருநாள் பழக்கூடையோடு வந்தபோது, அவன் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன காரியம் ஆகணும்?" என்று கேட்டுவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் தம்பிக்கு உண்மையிலேயே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். பத்துக்கு எட்டுத் தடவை அவர் சந்தேகம் சரியாகிவிடும், அப்புறம் அவரோடு யார் பேசுவது?

சாப்பிடும்போதெல்லாம் வண்டிப் பேச்சுத்தான் என்பதால் எனக்கே எல்லாம் மனப்பாடம். சாலையின் மறுபக்கம் ஓட்டும் நாட்டில் செய்த முன்விளக்கு, இங்கே எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். மைல் மட்டும் காட்டும் மீட்டர் ஆகாது. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலே ஏபிஎஸ். ஈரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்கிவிடாமல் காப்பாற்றும் ஏற்பாடு அது. பெரிய எஞ்சின் வண்டி எதுவும் அது இல்லாமல் நாட்டுக்குள் வரக்கூடாது.

இறக்குமதிக்காரர்களில் ஒருவர்மேல் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. கோப்பில் காகிதம் வரிசை தப்பாது, வாங்கிக் கொடுக்கிற டீ கிடையாது, வீட்டுப் பக்கம் தலைகாட்டியதும் கிடையாது. அவர் வண்டிகளிலும் இவர் குறை கண்டுபிடிப்பார். ஒன்றில் பிரதிபலிப்பான் இருக்காது, இன்னொன்றில் கண்ணாடி ஆடும். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, சார் கண்ணுக்குத் தப்புமா என்பார். சாயங்காலத்துக்குள் சரிசெய்து கொண்டுவருவார். இவரும் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது நடையிலேயே ஒரு மிதப்பு தெரியும்.

அந்த மிதப்பு ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கியது. வழக்கமாக வண்டியை உருட்டிக் காட்டும் அந்த இறக்குமதிக்காரரின் மெக்கானிக் அன்று லீவு. புது ஆள் ஒருவன் சாவியைத் திருப்பிவிட்டுச் சும்மா நின்றான். மீட்டரில் மஞ்சளாக ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. இவர் குனிந்து பின்னால் பிரதிபலிப்பானைத் தேடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது விளக்கு அணைந்திருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அந்த வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கு, சக்கரம் கொஞ்ச தூரம் உருண்ட பிறகுதான் அணைய வேண்டும். டேங்கைக் கழற்றச் சொன்னார். சக்கரத்தில், அது சுற்றும் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லும் பல் வளையம் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி மேலே போய், எதிலும் சேராமல் டேப் சுற்றி நின்றது. ஏபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டி. விளக்கைச் சில நொடிகளில் அணைக்க, விரல் நுனி அளவுக்கு ஒரு டைமர். பழைய மெக்கானிக் சாவியைத் திருப்பும்போதே வண்டியை முன்னால் தள்ளுவான் என்பது அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு தன் குறிப்பேட்டைப் புரட்டினார். அந்த ஆளிடமிருந்து வந்து, இவர் கையெழுத்தோடு வெளியே போன பெரிய வண்டிகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் இவர் கண்டுபிடித்த குறை ஒன்று. சரியாக ஒன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அவன் என்னை ஏமாத்தலை," என்றார். "எனக்கு என்ன புடிக்கும்னு தெரிஞ்சு வெச்சிருந்தான். கண்டுபிடிக்க ஒண்ணு குடுத்தா நான் அதோட நின்னுடுவேன்னு."

இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில் நன்றாக வேண்டும் என்றும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பழக்கூடையோடு வந்த தம்பியைக் கண்டுபிடித்தவருக்கு இவனைத் தெரியாமல் போயிற்றே.

மேலதிகாரி நல்ல மாதிரியாகத்தான் சொன்னாராம். பிடிபட்ட வண்டியை நிறுத்துங்கள், அந்த ஆளின் உரிமத்தை முடக்குவோம், பழைய பதினொன்றுக்கு முறைப்படி கடிதம் மெதுவாகப் போகும், உங்கள் தவறு என்று நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள், ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம்தானே என்று. நானும் அதையேதான் சொன்னேன்.

"மழை எப்ப ஆரம்பிக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஏபிஎஸ் இல்லாத வண்டியை ஓட்டுகிறவன் பயந்து பயந்து பிரேக் பிடிப்பான், பிழைத்துக்கொள்வான். இருக்கிறது என்று நம்புகிறவன்தான் ஈரத்தில் முழு பலத்தோடு பிடிப்பான், விழுவான். இதை அவர் எனக்கு இரண்டு தடவை விளக்கினார். மறுநாள் எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைப் பறித்து, பதிவேட்டு அறையில் உட்கார வைத்தார்கள்.

அதோடு விட்டாரா? லீவு போட்டுவிட்டு, பதினொரு முகவரிகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லக் கிளம்பினார். என்னையும் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னார். ஒண்டி ஆம்பளை போனால் நம்ப மாட்டார்கள், பெண் கூட வந்தால் கதவைத் திறப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஆக, வாழ்க்கையில் முதல்முறையாக நான் அவருக்குச் சாட்சியானேன்.

கதவைத் திறந்தார்கள், திறந்த வேகத்தில் சாத்தவும் செய்தார்கள். எங்களுக்கு முன்பே அந்த இறக்குமதிக்காரர் எல்லோருக்கும் போன் போட்டிருந்தார். வேலையிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர் வருவார், குறை இருக்கிறது என்று பயமுறுத்தி வண்டியைப் பிடுங்கப் பார்ப்பார், கையில் ஏதாவது வைத்தால் போய்விடுவார் என்று. முதல் வீட்டில் உறையை நீட்டினார்கள். இவர் அதைத் தொடாததால், தொகை போதவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் என்னைக் காட்டி, இது நிஜமாகவே உங்கள் மனைவிதானா என்று கேட்டார்கள். ஒருவர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார், ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர் மட்டும் வண்டியை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்கள். அவர்களும் எங்களை அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது இவர் சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம்தான். தொற்றுவியாதி மாதிரி.

பத்து வீடு முடிந்தது. பதினொன்றாவது வீட்டுக்குப் போன காலையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் அந்த வண்டி நின்றது. மருத்துவமனைகளுக்கு இடையே ரத்த மாதிரிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிற பெண், முப்பது வயதிருக்கும், மழைக்கோட்டோடு பக்கத்தில் நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஹெல்மெட் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறியே உட்கார்ந்துவிட்டார். கண் டாக்டரிடம் போகிறார்களாம்.

இவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். போன் வந்தது, எல்லாம் தெரியும் என்றாள்.

"மழையில ஓட்டுற வேலை சார் எனக்கு. அந்த பிரேக்குக்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். பேப்பர்ல கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அன்னிக்கு எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதான் எழுதினீங்க. இன்னிக்கு இல்லேன்னு நீங்களே சொல்றீங்க. நான் அன்னிக்கு வந்த உங்களை நம்பணுமா, இன்னிக்கு வந்த உங்களை நம்பணுமா?"

இதே கேள்வியை எத்தனை பேரிடம் எத்தனை விதமாக இவர் கேட்டிருப்பார். பதில் சொல்ல முடியாமல் அவர்கள் முழித்ததைச் சாப்பாட்டு மேஜையில் ரசித்துச் சொல்லியிருப்பார். இப்போது கேள்விக்கு முன்னால் நிற்பது அவர்.

"ரெண்டு பேரையும் நம்பாதம்மா," என்றார். "வண்டியைத் தள்ளாம சாவியை மட்டும் திருப்பு. மீட்டர்ல மஞ்ச விளக்கு எரியும். சக்கரம் உருளாம அது அணையக்கூடாது. நான் கிட்டயே வரலை, இங்கயே நிக்கிறேன்."

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் தள்ளிப்போய் நின்றார். அவள் அவரையே பார்த்தபடி சாவியைத் திருப்பினாள். பிறகுதான் குனிந்தாள். முதல் தூறல் விழுந்தது. அவள் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"என்னடி, அந்த ஆள் சொல்றதை நம்புறியா?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டார் அம்மா.

"நம்பலம்மா," என்றாள் அவள். "நீ கீழ எறங்கு."

அந்த அம்மாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார்.