அண்ணாச்சியைக் கொண்டுபோன நோயின் பெயர்

எங்கள் அண்ணாச்சி கண்மூடி ஒரு வருஷம் நிறைகிற இந்த நாளில், எங்கள் வாசல்படி ஏறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அண்ணாச்சியின் தம்பி இந்த நினைவு மலரில் எழுதிக்கொள்வது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சாபீஸ்காரர் எழுத்துப்பிழைகளைத் திருத்தித் தருவதாகச் சொன்னார். எழுத்தைத் திருத்துங்கள், விஷயத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி பிறந்தது சோழபுரத்தில். எனக்கு ஒன்பது வயது மூத்தவர்கள். எங்கள் அம்மாவை வாந்திபேதி கொண்டுபோனபோது நான் கைப்பிள்ளை. எனக்குக் கஞ்சி கரைத்து ஊற்றியவர்கள் அண்ணாச்சிதான். பத்து வயதிலேயே அய்யாவோடு மாடு பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கப் போனார்கள். பருத்தி, கடலை, சோளம் என்று அந்தக் கரிசலில் அவர்கள் போடாத வெள்ளாமை இல்லை. வெயிலில் நின்று நான் ஒருநாள் மயங்கி விழுந்ததைப் பார்த்து, "ஏலே, உனக்கு மண்ணு சரிப்படாது. ரோட்டைப் பாரு" என்று சொல்லி, இருந்த ஒரு வண்டியையும் வண்டிமாட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று பிடித்த ரோடு. பருத்திப் பொதி ஏற்றி ஆரம்பித்தவன், லாரி பிடித்து, பஸ் பிடித்து, இன்றைக்கு இராசபாளையத்திலிருந்து மதுரை வரைக்கும் என் வண்டி போகிறது. யுத்தகாலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டினேனே தவிர, ஒருநாள் நிறுத்தவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் அண்ணாச்சி என் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்காமல் உட்கார மாட்டார்கள். கண்டக்டர் வேண்டாம் என்றால், "மொதலாளிதாம்லே எனக்குத் தம்பி. பஸ்ஸு எனக்குத் தம்பியா?" என்பார்கள்.

அவர்களுக்கு ஒரே ஒரு பழக்கம். வெற்றிலையோடு புகையிலையை இடது கன்னத்தில் அடக்குவார்கள். கமலையில் மாடு பூட்டும்போது அடக்கினால், மாடு அவிழ்க்கும்போதுதான் துப்புவார்கள். அய்யாவும் அப்படியே. எனக்கு வசதி வந்ததும் அண்ணாச்சிக்கு நான் செய்த முதல் மரியாதை, நல்ல யாழ்ப்பாணப் புகையிலையாக வரவழைத்துக் கொடுத்தது. என் கையால் கொடுத்தேன். பத்துப் பதினைந்து வருஷம் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை தெரிந்தது. பொறவு புண்ணானது. கடைவாய்ப் பல் கூராக இருந்து உரசுகிறது என்று நான் முடிவு செய்தேன். எல்லாம் தெரிந்தவன் அல்லவா நான். பல் பார்க்கிற ஆளைக் கூட்டிவந்து பல்லை அரம் வைத்துத் தேய்க்கச் செய்தேன். அத்தோடு நின்றேனா? "அண்ணாச்சி, இடப்பக்கம் புண்ணு ஆறுற வரைக்கும் வலப்பக்கம் அடக்குங்க" என்றும் சொன்னேன். தம்பி சொல்லைத் தட்டாமல் அப்படியே செய்தார்கள். இப்படிப் பக்கம் மாற்றி அடக்கியே ஏழெட்டு மாதம் போயிற்று. எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது இதுதான். அய்யாவும் இப்படி மாற்றி அடக்கியவர்தான்.

கன்னம் வீங்கிச் சாப்பாடு இறங்காமல் போன பிறகு மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். வாய்ப்புற்று என்றார். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் சென்னைக்கு அனுப்பி ரேடியம் வைத்துப் புண்ணைக் கருக்கச் சொல்லியிருப்பேன் என்றார். "உங்க குடும்பத்துல இதுக்கு முன்னால ஆருக்கும் இருந்துதா?" என்று கேட்டார்.

"எங்க வம்சத்துல அப்படி ஒரு சீக்கே கிடையாது சார்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பாதி வாயால், "ஏலே, அய்யாவுக்கு என்னலே வந்துச்சு?" என்றார்கள். நான் காதில் விழாதவன் போல நின்றேன். அய்யா, முதல் யுத்தம் முடிந்து சில வருஷத்தில், கன்னத்தில் ஓட்டை விழுந்து, கஞ்சி அந்த வழியாக ஒழுகி இறந்தார். ஊருக்கு நாங்கள் சொன்னது காய்ச்சல்.

கடைசி நாட்களில் அண்ணாச்சியைப் பார்க்க வந்தவர்கள் குறைவு. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். வாடையும் இருந்தது. பிறரைச் சொல்வானேன், அண்ணாச்சியின் தம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னவன் நான். அண்ணாச்சி சம்சாரம், என் மதினி மட்டும் அந்தத் தம்ளரிலேயே மிச்சக் கஞ்சியைக் குடித்தார்கள்.

அண்ணாச்சி போனதும் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் எழுத கிராம முன்சீப்பிடம் போனேன். என்ன நோவு என்று கேட்டார். அண்ணாச்சி மகளுக்குக் கூமாப்பட்டியில் சம்பந்தம் பேசியிருந்த நேரம். புற்று என்று எழுதினால் பெண் கொள்ள எவன் வருவான்? "காய்ச்சல்" என்றேன். அவர் எழுதிவிட்டார்.

காரியம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆனது. என் பஸ்ஸில் தினமும் அத்தனை ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள். என்னை "ஏலே" என்று கூப்பிட ஒருவர் இல்லை. ஒருநாள் மனசு கேளாமல் முன்சீப்பிடம் போய், அந்த எழுத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். மாதக் கணக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது, இனி முடியாது என்றார். மற்றவர்கள் என்ன சொல்லி எழுதினார்கள் என்று பார்க்க, பழைய பதிவேடுகளையாவது வாசித்துக் காட்டுங்கள் என்றேன். இருபது வருஷத்து ஆம்பளைச் சாவுகளை வாசித்தார். முன்பக்கங்களில் வாந்திபேதி நிறைய. வரவர அது குறைகிறது. ஊசி வந்தது, நல்ல தண்ணீர் வந்தது. அதில் பிழைத்து ஐம்பது அறுபது வயது கண்டவர்கள் எல்லாம் காய்ச்சல், காய்ச்சல் என்றே போயிருக்கிறார்கள். பேர் சொல்லச் சொல்ல எனக்கு முகங்கள் தெரிந்தன. ஒருவருக்குக் கன்னம், ஒருவருக்கு நாக்கு, எங்கள் அய்யாவின் தம்பி, சித்தப்பாவுக்குத் தொண்டை. புற்று என்று ஒரு வரி இல்லை.

"என்னய்யா, ஒண்ணுகூட எழுதலையே?" என்றேன்.

"மொதலாளி, எழுத வாரவன் அம்புட்டுப் பேரும் காய்ச்சல்ங்கான். நான் என்ன, செத்தவன் வாயைத் தெறந்தா பாக்க முடியும்? நீங்களுந்தான சொன்னிய?"

மேலே ஆபீசில் உட்கார்ந்து சாவுக் கணக்குப் பார்க்கிறவனுக்கு எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு இந்த நோயே இல்லை. கணக்கை அப்படி ஆக்கியவர்கள் நாங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மதினி, "ஊருக்கெல்லாம் பஸ் விடுதிய கொழுந்தனாரே, உள்ளதைச் சொல்ல ஒரு வார்த்தை விட முடியலையே உங்களுக்கு" என்றார்கள். அண்ணாச்சி மகள், "மலர் போடுதியல்லா சித்தப்பா, அதுல அச்சடிச்சிருங்க. என்னைக் கட்டுறவுக தெரிஞ்சே கட்டட்டும்" என்றாள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் சம்பந்தம் பேசியவரிடம், மாப்பிள்ளையின் தகப்பனாரிடம், நேரில் சொல்வது முறை என்று கூமாப்பட்டிக்குப் போனேன். மூன்று பஸ் முதலாளிகள் சேர்ந்து என் ரூட்டை மடக்கப் பார்த்தபோதுகூட நான் பின்வாங்கியதில்லை. அன்று பாதி வழியில் இரண்டு தரம் திரும்பிவிடப் பார்த்தேன். அய்யா, சித்தப்பா, அண்ணாச்சி மூவருக்கும் வந்தது என்ன என்று சொல்லி, "இனி உங்க இஷ்டம் மச்சான்" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெளிச்சத்துப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படை.

"ரெண்டு மாசமா இருக்கு. வீட்டுல ஆருக்கும் தெரியாது" என்றார். "உங்ககிட்டச் சொன்னா பொண்ணு தர மாட்டியளேன்னு இருந்தேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். இதையும் எழுதச் சொன்னவர் அவரே. பேர் மட்டும் போடவில்லை. கல்யாணம் வருகிற தை மாதம்.

அண்ணாச்சிக்குக் கடைசி வரை பக்குவம் பார்த்த மதினிக்கும், மூக்கைப் பொத்தாமல் வந்து உட்கார்ந்து பேசிப்போன அந்தச் சில பேருக்கும், காடு வரை தோள் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. அண்ணாச்சி வாய்ப்புற்றால் இறந்தார்கள். உறவுமுறையில் உள்ள ஆம்பளைகள் அத்தனை பேரும் வாயைக் கண்ணாடியில் பாருங்கள். ஆறாத புண்ணோ படையோ இருந்தால் என்னிடம் வாருங்கள். பஸ்ஸும் என்னுடையது, துணைக்கும் நான் வருகிறேன்.

மதுரை டாக்டருக்கும் நன்றி. அன்று அவர் கூமாப்பட்டிக்காரரின் வாயைப் பார்த்துவிட்டு, "சீக்கிரமே வந்துட்டீங்க, இதைப் பார்த்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை முதலில் அண்ணாச்சியிடம் சொல்லவேண்டும் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் நினைவு வந்து நின்றேன்.