ஓட்டை: பூஜ்யம்

ஆபீசில் அவளுக்குத் தையல்காரி என்று பெயர். ஊசியில் நூல் கோக்கக்கூட வராது என்பது வேறு விஷயம். ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமில் வரைந்த முப்பரிமாண மாடலை இன்னொரு புரோகிராம் படிக்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் பதினாலு வருஷமாக அவள் பிழைப்பு. கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்பார்கள். இந்தப் புரோகிராம்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி. இவர் சொன்னது அவருக்குச் சொன்னபடி போய்ச் சேரவே சேராது. இங்கே முழுசாக இருந்த மாடலை அங்கே திறந்தால் தையல் விட்ட சட்டையாக நிற்கும். பரப்பும் பரப்பும் சேர்கிற இடத்திலெல்லாம் மயிரிழை இடைவெளி. தொழிலில் அதை ஓட்டை என்பார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடித் தைப்பாள். திரையில் ‘ஓட்டை: பூஜ்யம்’ என்று வந்தால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே மூக்கில் மாட்டுகிற மாஸ்க். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கானது. மெஷினிலிருந்து குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும். விடுகிற மூச்சு முன்பக்கத்துப் பொடித் துளைகள் வழியாக வெளியே போகும். அது அடைத்துக்கொண்டால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். டிசைனர் வரைந்து, இவள் மாற்றிக் கொடுத்து, அச்சுக்காரர் சிலிகானை அச்சில் ஊற்றி வார்த்தது. முதலில் இரண்டே இரண்டுதான் வார்த்திருந்தார்கள். ஒன்று அளந்து பார்க்க இவளுக்கு. இன்னொன்று காலையிலேயே நேராக அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது.

அண்ணன் பேக்கரியில் இரவு அடுப்பு பார்க்கிறவர். பகலில்தான் தூக்கம். அவர் குறட்டை மாடிப்படி வரைக்கும் கேட்கும். அது திடீரென்று நின்றால்தான் பயம். அண்ணி வீட்டில் இருந்தால் உலுக்கி எழுப்புவாள். டாக்டர் மெஷின் கொடுத்தார். அதோடு வந்த மாஸ்க் மூக்குத் தண்டைப் புண்ணாக்கிவிட்டது. புது மாஸ்க்கைப் போட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்று டிசைனர் கேட்டபோது, “எங்கண்ணன் இருக்காரு, அவருக்கு அனுப்புங்க” என்று முந்திக்கொண்டு சொன்னவள் இவள்தான்.

மாஸ்க்கைக் கையில் எடுத்தாள். வழுவழுவென்று அழகாகத்தான் இருந்தது. முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பதினெட்டுத் துளை இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

தூக்கிவாரிப் போட்டது. யார் அடைத்தார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன வாரம் அச்சுக்காரர் போனில் பிடுங்கி எடுத்தாரே: “மேடம், மாடல் பூரா ஓட்டை ஓட்டையா இருக்கு. எல்லாத்தையும் அடைச்சு சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க.” அவர் சொன்னது தையல் விட்ட இடங்களை. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கிற எல்லா ஓட்டையையும் மொத்தமாக அடைக்க புரோகிராமில் ஒரு பட்டன் உண்டு. சோம்பேறி பட்டன் என்று அவளே கேலி செய்வாள், தொடவே மாட்டாள். அன்றைக்கென்று தொட்டாள். மாஸ்க்கில் இருந்த துளைகளின் அளவு முக்கால் மில்லிமீட்டர். எது கிழிசல், எது மூச்சு போகிற வழி என்று அந்தப் பாழாய்ப்போன பட்டனுக்கு என்ன தெரியும்? தெரிய வேண்டியவள் இவள். பூஜ்யம் என்று வந்ததும் சந்தோஷமாக அனுப்பிவிட்டாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. தூங்கும்போது சத்தத்தை நிறுத்தி வைப்பது அவர் வழக்கம். அண்ணி வேலை செய்கிற இடத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். நாலு மணிக்கு முன்னால் கிடைக்காது. ஸ்கூட்டர் சாவியை இரண்டு தடவை கீழே போட்டாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பின்னால் யாரோ திட்டியது மட்டும் கேட்டது.

மூன்று மாடி ஏறி மணியில் வைத்த விரலை எடுக்கவில்லை. உள்ளே சத்தமே இல்லை. கதவை உள்ளங்கையால் அறைந்தாள். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “என்னங்க ஆச்சு?” என்றாள். இவள் திரும்பாமல் மறுபடியும் அறைந்தாள்.

கதவு திறந்தது. அண்ணன் சுவரைப் பிடித்தபடி நின்றார். மூக்கைச் சுற்றி மாஸ்க் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

“என்னம்மா, இப்படியா கதவை ஒடைப்ப?”

“அதைப் போட்டீங்களாண்ணா?” என்றாள்.

“போடாம?” அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து நெற்றியை அழுத்திக்கொண்டார். “தலை பயங்கரமா வலிக்குது. போட்டதுமே மூச்சு முட்டுச்சு. கழட்டிக் கழட்டி நாலஞ்சு தடவை போட்டுப் பாத்தேன். நீ பண்ணதாச்சே, அதுல தப்பு இருக்காது, நமக்குத்தான் மாட்டத் தெரியலன்னு, வாரை நல்லா இறுக்கிக் கட்டிட்டுப் படுத்தேன்.”

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

“இப்பதான் ஒரு வழியா கண் அசந்துச்சு” என்றார் சலிப்பாக. “நீ வந்து எழுப்பிட்ட.”